ஊம் கொட்டத் தெரியாதவன்

நேயர்களுக்கு வணக்கம்.

லிம்பா மக்களின் சடங்கு இசையைப் பற்றிப் பேசட்டுமா என்று நான் தொலைபேசியில் கேட்டபோது, நிலையத்தில் எடுத்த தம்பி, "லம்பாடி நடனம்தானே சார், தாராளமா பேசுங்க" என்றார். லம்பாடி இல்லை தம்பி, லிம்பா. லி... ம்... பா. அவர் எழுதிக்கொண்டார். இன்றைக்கு வந்து பார்த்தால் நிகழ்ச்சித் தாளில் 'லிம்பாடி' என்று இருக்கிறது. பாதி வழி வந்துவிட்டார், மீதியை நான் பேசிச் சரிசெய்துகொள்கிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கடலை ஒட்டி சியரா லியோன் என்று ஒரு சின்ன நாடு. வைரம், உள்நாட்டுப் போர், எபோலா, இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான் அந்தப் பெயர் நம் செய்திகளில் அடிபட்டிருக்கும். எனக்கு அந்த ஊர் போருக்கும் எபோலாவுக்கும் முன்னாலேயே பழக்கம். 1984-லிருந்து 1987 வரை, அங்கே வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். சம்பளம் எப்போது வரும் என்று தெரியாது, பெட்ரோல் கிடைக்காது, கரண்ட் வந்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தக் கதையெல்லாம் வேண்டாம். சாயங்காலம் வேறு வேலை இல்லாத ஒரு மனிதனுக்குக் காது எப்படித் திறந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

தலைநகர் ஃப்ரீடவுனிலிருந்து வடகிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் போனால் கபாலா என்று ஒரு ஊர். ஊரின் தலைக்கு மேலேயே வாரா வாரா மலை. கறுத்த மொட்டைப் பாறை, மழைக்காலத்தில் ஈரம் பட்டு யானை முதுகு மாதிரி மின்னும். புத்தாண்டு அன்று ஊரே சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே குன்றின் மேல் ஏறிவிடும். அந்த மலைப் பக்கமும் அதற்குத் தெற்கும் மேற்கும்தான் லிம்பா நாடு. டெம்னே, மெண்டே இனங்களுக்கு அடுத்தபடி அந்நாட்டில் பெரிய கூட்டம் இவர்கள். நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை, ஆதியிலிருந்தே இந்த மலையில்தான் இருக்கிறோம் என்பார்கள். நான் இருந்தபோதே, 1985 நவம்பரில், ஜோசஃப் சைது மோமோ ஜனாதிபதியானார். அவரும் லிம்பா, மகேனிக்குப் பக்கத்தில் பின்கோலோ ஊர்க்காரர். ஆனால் நாடு முழுக்க லிம்பா என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ஜனாதிபதி இல்லை, கள் இறக்குகிறவர். எண்ணெய்ப்பனையில் வளையக் கயிறு போட்டு ஏறி இறக்கின கள்ளை ஃப்ரீடவுனில் 'கடவுளிடமிருந்து மனிதனுக்கு' என்பார்கள். நடுவில் தரகர் கிடையாதாம்.

மற்றபடி அவர்கள் நெல் விவசாயிகள். அங்கிருந்துதான் இசை தொடங்குகிறது. சடங்கு இசை என்று தலைப்புக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போகிறாரே என்று நினைக்காதீர்கள். அந்த ஊரில் வயல் தெரியாமல் சடங்கு புரியாது.

வயல் என்றதும் வரப்பு, வாய்க்கால், தண்ணீர் என்று மனசில் ஓட்டாதீர்கள். இது மலைச்சரிவில் மானாவாரி நெல். பனி விலகின மாதங்களில் காட்டை வெட்டிப் போடுவார்கள், காய்ந்ததும் தீ வைப்பார்கள், முதல் மழை விழுந்ததும் சாம்பல் மண்ணில் விதையைத் தூவி, களைக்கொத்து மாதிரிக் குட்டைப்பிடி மண்வெட்டியால் கொத்தி மூடுவார்கள். தூவின விதையைப் பறவை பொறுக்குவதற்குள் மூடியாக வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகாது. அதனால் ஊர் இளவட்டங்கள் சேர்ந்து இன்றைக்கு உன் சரிவு, நாளைக்கு என் சரிவு என்று முறை வைத்துச் செய்வார்கள்.

என் வகுப்புப் பையன் ஒருவன் தன் ஊருக்கு அழைத்துப் போனான். ஜூன் மாதம். சரிவின் குறுக்கே முப்பது நாற்பது பேர் ஒரே வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு மூன்று மேளக்காரர்கள், கூடவே ஒரு பாட்டுக்காரர். அவர் ஒரு வரி எடுத்து விடுகிறார். பக்கத்தில் ஒருவர் அதைத் தாங்கிப் பிடிக்கிறார். வரிசை முழுக்கப் பதில் பாடுகிறது. பதில் பாடும்போதே நாற்பது மண்வெட்டியும் மேலே போய் ஒன்றாக மண்ணில் இறங்குகிறது. ஒரே 'தொப்'. மறுபடி அவர் ஒரு வரி, மறுபடி 'தொப்'.

நான் கணக்கு வாத்தியார் இல்லையா, எண்ணத் தொடங்கினேன். மேளத்தை எண்ணினேன். எந்த அடியில் மண்வெட்டி இறங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பு. கால் மணி நேரம் எண்ணினேன், சிக்கவில்லை. மேளம் ஒரு பக்கம் ஓடுகிறது, மண்வெட்டி இன்னொரு பக்கம் இறங்குகிறது, ஆனால் ஒன்றையொன்று இடிக்காமல் போகிறது. அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "சார், மேளத்தைக் கேட்காதீங்க. மேளம் பாட்டுக்காரருக்கு. பாட்டு எங்களுக்கு. நாங்க பதில் சொல்ற இடத்துல மண்வெட்டி தானா இறங்கும்" என்றான்.

பதில் சொல்கிற இடம். இந்த மூன்று வார்த்தையைத்தான் இன்றைக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். நடுவில் யாராவது வானொலியைத் திருப்பி வைத்தாலும் இது காதில் விழட்டும்.

அப்புறம் நானும் ஒரு மண்வெட்டி வாங்கி வரிசையில் நின்றேன். பத்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன்: வாயை மூடிக்கொண்டு கொத்தினால் முதுகு ஒடிகிறது, புரிகிறதோ இல்லையோ வாயைத் திறந்து பதில் சொன்னால் கை தானாகப் போகிறது. என் இரண்டு பக்கத்திலும் நின்ற பையன்கள் மதியம் வரை போனார்கள். போட்டி வேறு, யார் பின்தங்குகிறார்கள் என்று. மேளக்காரர் பின்தங்குகிறவன் எதிரே போய் நின்று அடிப்பார். அந்த அவமானத்துக்கு வேகமாகக் கொத்திவிடலாம்.

இங்கே எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு, கொட்டிவிடுகிறேன். ஆப்பிரிக்க இசை என்று எந்த இசைத்தட்டை எடுத்தாலும் உறையில் ஒரு மேளம், ஒரு கை, 'ஆப்பிரிக்க முரசுகள்' என்று தலைப்பு. கேட்டால், ஆகா என்ன தாளம் என்பார்கள். தாளம் இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த மேளம் ஒரு கேள்வி மாதிரி. கேள்வியை மட்டும் பதிவு செய்து அழகான உறை போட்டு விற்கிறார்கள். பதில் சொன்ன முப்பது பேர் எங்கே? அவர்கள் கூட்டமாம், இரைச்சலாம், ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டார்களாம்.

சரி, கோபம் போதும். நான் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன்.

அதே ஊர், அன்றைக்கு இரவு. சோறும் மரவள்ளி இலைக் குழம்பும் சாப்பிட்டாயிற்று. செம்பனை எண்ணெயில் இலையை இடித்துப் போட்டு, காய்ந்த மீனும் போட்டு வைப்பார்கள். முதல் மாதம் பிடிக்காது, மூன்றாம் மாதம் அது இல்லாமல் சோறு இறங்காது. திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் கதை சொல்லப்போகிறார். லிம்பாவில் கதைக்கு 'ம்போரோ' என்று பெயர். விடுகதைக்கும் அதே பெயர்தான், பழமொழிக்கும் அதே பெயர்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை உணர்த்தினால் எல்லாமே ம்போரோ.

கிழவர் தொடங்கவில்லை. கூட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறார். கதை சொல்லுமுன் ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்தான் பதில் சொல்கிறவர். ஊம் கொட்டுகிறவர் என்று நாம் சொல்வோமே, அதேதான். ஆனால் நம் வீட்டில் பாட்டி கதை சொன்னால் யார் வேண்டுமானாலும் ஊம் கொட்டலாம், ஊம் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று பாட்டி விளக்கை அணைத்துவிடுவாள். அங்கே ஊம் கொட்டுவது ஒரு பதவி. ஆளைப் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்கிற பதவி. அன்றைக்கு விருந்தாளி என்ற மரியாதைக்கு அந்தப் பதவியை எனக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்கு லிம்பா மொழியில் கும்பிடு போடத்தான் தெரியும். கிரியோ கொஞ்சம் தெரியும், அது அந்நாட்டுப் பொதுப் பேச்சு. அந்தப் பையன் என் காதில் கிரியோவில் மொழிபெயர்க்கிறான், நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'யெஸ்' என்கிறேன். கதை வோசியைப் பற்றியது. வோசி என்றால் சிலந்தி. பெருந்தீனிக்காரன், தந்திரக்காரன், கடைசியில் தானே வலையில் விழுகிறவன். பெண்டாட்டி பெயர் காயி. பஞ்ச காலம், காயிக்குத் தெரியாமல் தனியாகத் தின்ன வோசி வழி தேடுகிறான். வோசி காட்டுக்குப் போனான். யெஸ். வோசி திரும்பிப் பார்த்தான். யெஸ். வோசி அழுதான். யெஸ். அழுகைக்கு யெஸ் சொல்லலாமா? கூட்டத்தில் பெண்கள் சிரித்தார்கள். கிழவர் பொறுத்துக்கொண்டார்.

நேயர்களே, அன்று காலை நான் மண்வெட்டி பிடித்தவன், மேலே சாயங்காலம் ஒரு சுரைக்குடுவை கள்ளும் குடித்திருந்தேன், வானொலியில் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. கண் சொருகிவிட்டது. ஒரு யெஸ் தவறிப்போனது.

கதை நின்றது.

கிழவர் கோபப்படவில்லை. வெறுமனே நிறுத்திவிட்டார். பாதி வாக்கியம் அந்தரத்தில் தொங்குகிறது. முப்பது பேர் என்னைப் பார்க்கிறார்கள். எங்கோ ஒரு ஆடு தும்மியது. அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போது தெரியாது, வீட்டுக்கு வந்து ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. பதினோரு வினாடி. இங்கே வானொலியில் பதினோரு வினாடி சும்மா இருந்துபாருங்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

அப்புறம் அந்தப் பதவி ஒரு சிறுவனுக்குப் போயிற்று. பத்து வயசு இருக்கும். என்ன பதில் சொன்னான் தெரியுமா? அவன் யெஸ் சொல்லவே இல்லை. வோசி காட்டுக்குப் போனால் 'ம்ம்', வோசி பொய் சொன்னால் 'ஏ!', வோசி அழுதால் நாக்கைச் சப்புக்கொட்டினான், வோசி மாட்டிக்கொண்டபோது 'அப்படிப் போடு' என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கிழவரின் குரலே மாறிவிட்டது. எனக்கு எழுத்துக்கூட்டி வாசித்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தவர், அவனுக்கு எழுந்து நின்று சொன்னார். திடீரென்று கதைக்குள்ளிருந்து ஒரு பாட்டு வந்தது, வோசி பாடுகிற பாட்டு, இரண்டே வரி. முதல் தடவை கிழவர் தனியாகப் பாடினார். இரண்டாம் தடவை சிறுவன் சேர்ந்தான். மூன்றாம் தடவை திண்ணையே பாடியது, பெண்கள் கைதட்டினார்கள், ஒருத்தர் எனாமல் பேசினைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார். கதை எங்கே நின்றது, இசை எங்கே ஆரம்பித்தது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் கோடு போடத் தெரியவில்லை.

யாராவது என்னிடம் லிம்பா இசைக்கருவிகளின் பட்டியல் கேட்டால் நான் முதலில் எழுதுவது அந்தப் பத்து வயசுப் பையனை. பிறகுதான் மேளம்.

இதை நான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். பிறகுதான் தெரிந்தது, எனக்கு இருபது வருடம் முன்னாலேயே ஒரு பெண்மணி அங்கே உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்திருக்கிறார் என்று. ரூத் ஃபின்னகன், வட அயர்லாந்துக்காரர். 1961-ல், சியரா லியோன் சுதந்திரம் பெற்ற அதே வருடம், லிம்பா ஊர்களுக்குப் போய்த் தங்கினார். கதைகளைத் தாளில் எழுதி எடுத்து வரலாம் என்றுதான் யாரும் போவார்கள். எழுதின பிறகு பார்த்தால் தாளில் கதையின் எலும்புதான் இருக்கிறது. குரல் இல்லை, பாட்டு இல்லை, ஊம் கொட்டினவர் இல்லை. வாய்மொழிக் கலையைப் பற்றி அவர் ஆயுள் முழுக்க எழுதியதற்கு விதை அந்தத் திண்ணைகளில்தான் விழுந்தது. அவர் பெரிதும் மதித்த கதைசொல்லி கரங்கே டெமா. அந்த மனிதர் கதைசொல்லி, மேளக்காரர், கொல்லர், மூன்றும். இதைக் கவனியுங்கள். வடக்கே அக்கம்பக்கத்தில் மாண்டிங்கோ மக்களிடம் பாடுவதற்கென்றே பிறந்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் பலாஞ்சி என்கிற மரச்சட்ட வாத்தியம் வாசித்துத் தலைவர்களைப் புகழ்ந்து பாடுவார்கள். லிம்பா மேளக்காரருக்குக் காலையில் வயல் இருக்கும், அல்லது உலைக்களம் இருக்கும், சாயங்காலம்தான் மேளம்.

இப்போது சடங்குக்கு வருகிறேன். தம்பி கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார், பார்த்துவிட்டேன்.

பையன்களை ஆண்களாக்குகிற சடங்குதான் லிம்பா ஊர்களில் பெரிய திருவிழா. அறுவடை முடிந்து, சஹாராவிலிருந்து தூசிக்காற்று இறங்கும் மாதங்களில் வரும். குதிரில் நெல் இருக்க வேண்டும், வயலில் வேலை இருக்கக் கூடாது. பையன்கள் காட்டுக்குள் போவதற்கு முன் ஊர் நடுவில் விடிய விடிய ஆட்டம். அக்கம்பக்க ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள் எல்லோரும் வருவார்கள்.

சாயங்காலமே மேளக்காரர் வேலையைத் தொடங்கிவிடுவார். நான் பார்த்தவர் காய்ந்த புல்லைக் கைப்பிடி அளவு எடுத்துக் கொளுத்தி, எரிகிற புல்லின் மேல் மேளத்தின் முகத்தைக் காட்டினார். தோல் சூட்டில் இறுகும். விரல் நுனியால் ஒரு தட்டு, காதைச் சாய்த்துக் கேட்பு, போதாது, இன்னொரு பிடி புல். ஓரத்தில் ஒரு இடம் மட்டும் மந்தமாகப் பேசியது போல, அங்கே மட்டும் தீயைக் காட்டினார், குழந்தையின் முதுகைக் கணப்பில் காட்டுகிற மாதிரி. ராத்திரி நடுவில் பனி இறங்கித் தோல் தளர்ந்தால் மறுபடி தீ. அதனால் ஆட்டக்களத்தின் ஓரத்தில் எப்போதும் ஒரு சின்ன நெருப்பு இருக்கும். வெளிச்சத்துக்கு என்று நான் முதலில் நினைத்தேன்.

தோல் மேளம் போக, மரத்தைக் குடைந்து மேலே நீளவாக்கில் ஒரு வெட்டு விட்ட மேளம் உண்டு. தோலே கிடையாது. வெட்டின இரண்டு உதடும் ஒரே கனம் இருக்காது, அதனால் ஒரே மரத்தில் இரண்டு சுரம். இதை அடித்தால் பக்கத்துச் சரிவு வரைக்கும் கேட்கும். பெண்கள் கையில் சேக்புரே, சுரைக்குடுவையைச் சுற்றி மணி கோத்த வலை போட்டது. வலையை இழுத்து இழுத்து விட்டால் சலசலக்கும். இதெல்லாம் படம் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் புரியும், வானொலியில் நான் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரியவா போகிறது.

ஆட்டம் எப்படி இருக்கும்? வானத்தைப் பார்த்துத் துள்ளுகிற ஆட்டம் இல்லை நான் பார்த்தது. முழங்கால் மடிந்தே இருக்கும், முதுகு முன்னால் சாய்ந்திருக்கும், பாதம் தட்டையாக மண்ணில் இறங்கும். எங்கேயோ பார்த்த உடம்பு என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நள்ளிரவுக்கு மேல்தான் பிடிபட்டது: ஜூன் மாதம் சரிவில் மண்வெட்டி பிடித்துக் குனிந்த அதே முதுகு. கையில் மண்வெட்டி மட்டும் இல்லை.

நன்றாக ஆடுகிறவன் மேளத்துக்கு நேர் எதிரே வந்துவிடுவான். அப்புறம் ஊர் இல்லை, கூட்டம் இல்லை. மேளக்காரர் அவன் காலைப் பார்த்து அடிக்கிறார், அவன் மேளத்தைப் பார்த்துக் காலை வைக்கிறான். யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்று மாறி மாறிப் போகும். பிடித்துப்போனால் யாராவது முன்னால் வந்து அவன் வியர்த்த நெற்றியில் ஒரு நோட்டை ஒட்டுவார்கள். அன்றைக்கு லியோன் நோட்டுக்குக் கடையில் மதிப்புக் குறைந்துகொண்டே போன காலம், நெற்றியில் குறையவில்லை.

இந்த ஆட்டத்தை மேடையில் ஏற்றலாமா என்று கேட்பார்கள். ஏற்றியிருக்கிறார்கள். ஜான் அகார் என்று ஒருவர், நம் வானொலி நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர். சியரா லியோனில் 1934-லேயே வானொலி வந்துவிட்டது, ஆங்கிலம் புழங்கும் மேற்கு ஆப்பிரிக்காவில் அதுதான் முதல். அந்த வானொலியின் இயக்குநராக இருந்தவர் அகார், நாட்டின் தேசிய கீதத்துக்கு இசை அமைத்தவரும் அவரே. தேசிய நடனக் குழுவை உருவாக்கி 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு அழைத்துப் போனார். பல இனங்களின் ஆட்டமும் ஒரே மேடையில். பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் மேடை என்றால் எதிரே நாற்காலி. நாற்காலியில் இருப்பவர்கள் முடிந்தபின் கைதட்டுவார்கள். நடுவில் பதில் சொல்ல ஆள் இல்லை. என் பழைய பல்லவிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய இரவில் இன்னொன்று நடந்தது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

விடியலுக்கு முன்னால் திடீரென்று மேளம் நின்றது. வீட்டுக்காரப் பெண் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கதவைச் சாத்தினார், விளக்கை ஊதி அணைத்தார். உள்ளே அவரும் இரண்டு பெண் பிள்ளைகளும் நானும். க்பாங்பானி வருகிறது என்றார். லிம்பா ஆண்களின் சங்கத்துக்கு அந்தப் பெயர், அந்தச் சங்கத்தின் ஆவிக்கும் அதே பெயர். கிரியோவில் டெவில் என்பார்கள். பிசாசு என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், அவர்கள் அந்தப் பொருளில் சொல்லவில்லை. சடங்கு செய்துகொண்ட ஆண்கள் மட்டுமே அதைப் பார்க்கலாம். பெண்கள் பார்க்கக் கூடாது, சடங்கு செய்துகொள்ளாத ஆணும் பார்க்கக் கூடாது. நான் நாற்பதை எட்டிக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார், அந்தக் கணக்கில் இன்னும் ஆணாகவில்லை.

இருட்டு. முதலில் தூரத்தில் ஒரு குரல். மனிதக் குரலா, கருவியா, தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி, ஆனால் மூச்சு முட்டாமல் நீண்டுகொண்டே போகிறது. அதற்கு ஆண்கள் பலர் சேர்ந்து பதில் பாடுகிறார்கள். குரல் கிழக்கே கேட்கிறது, அப்புறம் வீட்டுக்குப் பின்னால், அப்புறம் கதவுக்கு நேரே. கதவுக்கு நேரே வந்தபோது என் மார்புக்கூடு அதிர்ந்தது. வீட்டுக்காரப் பெண் இருட்டில் மெதுவாக ஏதோ முணுமுணுத்தார். பயந்து பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. வெளியே பாடின ஆண்கள் விட்ட இடத்தில், வாய்க்குள்ளேயே அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குரல் எந்தக் கருவியால் வருகிறது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை, நான் யார்? கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்கும்படி ஒரு கூட்டம் தன் ஆகப் பெரிய இசையை வைத்திருக்கிறது. இன்றைக்கு என்னை முகம் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஃப்ரீடவுன் மாதிரி நெருக்கமான நகரத்தில் இந்த ஊர்வலம் வந்தால் பெண்கள் மணிக்கணக்கில் கதவடைத்து இருக்க வேண்டியிருக்கிறது. புகார் வருகிறது, போலீஸ் தலையிடுகிறது. ஒரு பிரசவ வலிக்காரி தெருவில் இறங்க முடியாமல் போனால் அது எந்தப் பாரம்பரியமானாலும் தப்பு. ஐம்பது வீட்டு ஊரில் பொருந்தின வழக்கம் நகரத்து மாடிவீட்டில் பொருந்தாது. நான் கேட்டது ஐம்பது வீட்டு ஊரில்.

சாவுக்கும் அங்கே மேளம் உண்டு, பாட்டு உண்டு, நீண்ட பேச்சும் உண்டு. வந்தவர்களுக்கு நன்றி, அழுதவர்களுக்கு நன்றி, கள் ஊற்றி முன்னோர்களுக்கு நன்றி. மேலே இருக்கும் கடவுளுக்குக் கானு என்று பெயர், அவருக்கும் நன்றி. 1991-லிருந்து 2002 வரை நடந்த போரில்கூட இது முழுக்க நிற்கவில்லை என்று என்னை ஊருக்கு அழைத்துப் போன அந்த வகுப்புப் பையன் சொன்னான். எபோலாவில்தான் நின்றது. கபாலா இருக்கும் கொய்னாடுகு மாவட்டம் 2014 அக்டோபர் வரைக்கும் நோயை எல்லையிலேயே தடுத்துவைத்தது, நாட்டில் கடைசியாக நோய் நுழைந்த மாவட்டம் அது. நுழைந்த பிறகு, பிணத்தைத் தொடக்கூடாது, கூட்டம் கூடக்கூடாது, சங்கச் சடங்கு கூடாது. அந்தப் பையன் ஒருநாள் போன் செய்தான், பையன் என்ன, அவனுக்கே அப்போது நாற்பத்தைந்து வயசு. அவன் சித்தப்பா போய்விட்டார். சரிவில் எங்களுக்கு முன்னால் நின்று பாட்டெடுத்தவர் அவர்தான். வெள்ளை உடை போட்டவர்கள் வந்து பையில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்களாம். "அவர் எத்தனை பேருக்குப் பாடினார் சார், அவருக்கு ஒருத்தரும் பதில் பாடலை" என்றான்.

மூன்று நிமிடம் என்கிறார் தம்பி. அடடா.

பெண்களின் போண்டோ சங்கத்துக்கு அரை மணி நேரம் வைத்திருந்தேன், அதை இப்போது இரண்டு வாக்கியத்தில் சொல்வது அநியாயம். பெண்கள் தாங்களே மேளம் கொட்டி, தாங்களே பாடி, தாங்களே ஆடுகிற உலகம் அது. அதே சங்கத்துக்குள் பெண் குழந்தைகளின் உடம்பை அறுக்கிற கொடுமையும் நடக்கிறது. அறுக்காமல் பாட்டையும் ஆட்டத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டுப் பெண்களே இப்போது 'ரத்தமில்லாச் சடங்கு' நடத்துகிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

கடைசியாகக் கோண்டி. இதற்காகவே பழைய ஒலிநாடாவைக் கொண்டுவந்தேன். கையில் அடங்குகிற மரப்பெட்டி. மேலே ஏழெட்டு இரும்பு நாக்குகள், பழைய குடைக்கம்பியைத் தட்டித் தட்டிச் செய்தது. இரண்டு கட்டைவிரலாலும் மீட்டுவார்கள். லிம்பாவும் வாசிப்பார்கள், பக்கத்து லோகோ மக்களும் வாசிப்பார்கள். அந்த லோகோ இனத்தில் பிறந்த சோரி கோண்டி, கண் பார்வை இல்லாதவர், இதை ஃப்ரீடவுன் தெருவிலிருந்து வெளிநாட்டு மேடைகள் வரை கொண்டுபோனார். பெட்டியின் முனையில் மெல்லிய தகரம் ஒன்றைச் செருகி, அதில் கம்பி வளையங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் அந்தத் தகரம் 'ஜ்ர்ர்' என்னும். நான் முதலில் பழுது என்று நினைத்து, வாசித்தவரிடம் அதைக் கழற்றச் சொன்னேன். அவர் கழற்றிவிட்டு நாலு சுரம் வாசித்தார், பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். பதில் சொல்ல ஆள் இல்லாமல் எப்படி வாசிப்பது என்றார்.

நாற்பது வினாடி இருக்கிறதாம். நாடாவை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். முதலில் கேட்பது நான் இருமுவது, மன்னிக்கவும். அப்புறம் கோண்டி. கரகரவென்று கேட்டால் வானொலிப் பெட்டியைத் தட்டாதீர்கள், உங்கள் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அது தகரம்.

வணக்கம். போடுங்க தம்பி.